629001

10.6.2024, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. ராத்திரி மகளின் புது நோட்டுகளுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தோம். லேபிளில் முகவரி எழுதியவள் கை நிறுத்தி, "அப்பா, 629001 பகா எண்ணா?" என்றாள். நாகர்கோவில் பின்கோடு. இத்தனை வருஷமாக எழுதுகிறேன், எனக்கு இது தோன்றியதே இல்லை.

"இலக்கத்தைக் கூட்டிப் பாரு மக்களே."

18 வந்தது. அப்படியானால் 9-ஆல் மீதியில்லாமல் வகுபடும். வகுத்தாள்: 69,889. ஆக 629001 பகா எண் இல்லை. இந்த 69,889 இன்னும் உடையுமா என்று பார்க்க வேண்டும். அதற்குள் கண்ணைச் சொக்கிவிட்டது.

11.6.2024, செவ்வாய்

264-இன் வர்க்கம் 69,696. 265-இன் வர்க்கம் 70,225. ஆகவே 69,889 பகு எண் என்றால் அதன் ஒரு காரணியாவது 264-க்குள் இருந்தாக வேண்டும். 7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் பார்த்துவிடலாம். மூன்றையும் பெருக்கினால் 1001 என்பதால், கடைசி மூன்று இலக்கத்திலிருந்து முன்னால் இருப்பதைக் கழித்து, வருவதை வகுத்துப் பார்த்தால் போதும். 889-இல் 69 போக 820. மூன்றாலும் வகுபடாது.

அப்புறம்தான் 629-ஐயே பார்த்தேன். 17 × 37! குமரி மாவட்டத்தின் பின்கோடுகள் எல்லாம் 629-இல்தான் தொடங்கும். அதனால் நம்மூர் பின்கோடு எதுவானாலும், 17-க்கும் 37-க்கும் கடைசி மூன்று இலக்கத்தைச் சோதித்தால் போதும். 629001-இல் அது வெறும் 1. இரண்டாலும் வகுத்தால் மீதி 1. 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு வந்தபோது கடிதம் பிரிக்கத்தான் இந்த மூன்று இலக்கத்தைக் கொடுத்தார்கள். அதற்குள் இப்படி ஒரு வசதி இருந்திருக்கிறது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

13.6.2024, வியாழன்

மழை, கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் 19, 23, 29, 31, 41, 43 எல்லாம் மீதி வைத்தன. 47-இல் மீதி இல்லை! ஈவு 1,487. மகள் கத்திய கத்தலில் அடுக்களையிலிருந்து அவள் அம்மா ஓடி வந்தாள்.

16.6.2024, ஞாயிறு

1,487 பகா எண்ணா என்று மறுபடி 7-இலிருந்து தொடங்கப் போனேன். மகள் தடுத்தாள். "வேண்டாம்ப்பா. 1,487-ஐ வகுக்கிற எண் 69,889-ஐயும் வகுக்குமே. 47-க்குக் கீழே எதுவும் வகுக்கலையே."

சரிதான். 47-இன் வர்க்கமே 2,209. 1,487 அதற்கும் சின்னது. இனி ஒரு வகுத்தல்கூட வேண்டாம், அது பகா எண்தான். இந்த இடத்தை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகவே பிடித்தாள். அந்தச் சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை.

629001 = 3 × 3 × 47 × 1487.

குளச்சல் 629251 ஏழால் வகுபட்டு உடனே முடிந்துவிட்டது. இப்போது கன்னியாகுமரி 629702-ஐ எடுத்திருக்கிறாள். பாதி 3,14,851. 43 வரை பார்த்தாயிற்று, எதுவும் சிக்கவில்லை. 561 வரை போக வேண்டியிருக்கும். புது ரஃப் நோட்டு கேட்டிருக்கிறாள்.