பச்சை டிக்

சிறுநீரக மாற்று சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். பதின்வயதுப் பிள்ளைகளின் மருந்துக் கணக்கு என் பொறுப்பு. முன்பெல்லாம் "ஒழுங்கா போடுறியா?" என்று கேட்போம், "போடுறேன்" என்பார்கள், எழுதிக்கொள்வோம். மாத்திரையை நினைவூட்டும் செயலி வந்தபோது, இனி அந்தக் கேள்விக்கே வேலையில்லை என்று முதலில் மகிழ்ந்தவள் நான்தான்.

டாக்ரோலிமஸை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். பொருத்திய சிறுநீரகத்தை உடம்பு அந்நியமாக நினைத்துத் தாக்காமல் காப்பது அது. ஒரு வேளை விட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. சிறுநீரகம் சரியாக வடிகட்டாதபோது ரத்தத்தில் சேரும் கழிவான கிரியாட்டினின் ஏறி நிற்கும்போது, எந்தெந்த வேளை விட்டது என்று யாருக்கும் நினைவிருக்காது.

17 வயதுப் பையன் ஒருவன். செயலியில் மாதம் முழுக்கப் பச்சை டிக். காலை மருந்துக்கு முன் எடுக்கும் ரத்தத்திலோ மருந்தின் அளவு ஒரு தடவை சரியாக இருக்கும், அடுத்த தடவை பாதாளத்தில் கிடக்கும். ஆய்வகத்தைச் சந்தேகப்பட்டு மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னோம். செயலியை ஒருவரும் சந்தேகப்படவில்லை.

ஒருநாள் டிக் விழுந்த நேரங்களைப் பார்த்தேன். 8:00, 8:00, 8:00. இரவிலும் அப்படியே. டப்பாவைத் திறந்து, தண்ணீர் எடுத்து, விழுங்க ஒரு நிமிடமாவது ஆகாதா? அவன் போனை வாங்கினேன். 'போட்டாச்சு' பட்டன் திரையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. 'பிறகு' மூலையில் கடுகளவு.

"அடிக்குது சிஸ்டர், அமுக்குறேன், நிக்குது. அமுக்கலைன்னா அம்மாவுக்கு மெசேஜ் போயிடும். உடனே போன் வரும்."

டிக் அம்மாவுக்கான பதிலாம். நாங்களாகவே மறதி என்று முடிவுகட்டி அதற்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம். அவனுக்கு மறதியே கிடையாது. இரவு 8 மணிக்கு நண்பர்களோடு இருப்பான், பூட்டிய திரையில் மருந்தின் பெயர் பளிச்சென்று வந்து நிற்கும். கூடவே போடும் ஸ்டீராய்டால் முகம் உப்பி, பட்ட கேலி ஏற்கெனவே போதும் அவனுக்கு.

நாள்பட்ட நோய்க்காரர்கள் மருந்தைச் சொன்னபடி எடுப்பது வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாக 50 சதவீதம்தான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2003-ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. எங்கள் திரையில் இவன் நூற்றுக்கு நூறு. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அம்மாவுக்குப் போகும் தகவலை நிறுத்தலாம் என்றேன். அவர் சம்மதிக்க இரண்டு சந்திப்புகள் பிடித்தன. குற்றம் சொல்ல முடியாது, அவர் கொடுத்த சிறுநீரகம் அது. மருத்துவரிடம் கேட்டு இரு வேளையையும் 9 மணிக்குத் தள்ளினோம். அறிவிப்பில் மருந்துப் பெயருக்குப் பதிலாக நீயே ஒரு வார்த்தை போட்டுக்கொள் என்றேன். "சார்ஜர்" என்று போட்டான். 'போடல' என்று அமுக்கிக் காரணம் எழுத ஓர் இடம் அமைப்புகளுக்குள் எங்கோ புதைந்து கிடந்தது, அதையும் திறந்துவிட்டோம்.

அடுத்த மாதம் ஆறு சிவப்பு. "முன்ன நல்லாத்தானே இருந்தான்?" என்றார் மருத்துவர். நான் காரணங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். 'டப்பா வீட்ல', 'தூங்கிட்டேன்' என்று ஐந்து. ஆறாவதில் 'பிடிக்கல' என்று மட்டும் இருந்தது. அன்றைக்கு அவனோடு அரை மணி நேரம் பேசியது அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான்.