ஒரு நாள் தாமதம்

என் பயோடேட்டாவைப் புரட்டுபவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஏன் இத்தனை தாவல்?" ஏற்றுமதி நிறுவனம், வங்கியின் வர்த்தகக் கடன் பிரிவு, அந்நியச் செலாவணி, இப்போது பணமோசடித் தடுப்பு. எனக்கென்னவோ ஒரே காகிதக் கட்டை நாற்காலி மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றுகிறது.

ஏற்றுமதியில் அந்தக் கட்டைத் தயாரிப்பது என் வேலை. இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் எனும் கப்பல் சரக்கு ரசீது, காப்பீட்டுச் சான்று எல்லாம் எல்.சி.யில், அதாவது வாங்குபவரின் வங்கி தரும் பண உத்தரவாதக் கடிதத்தில், சொன்னபடி இருந்தால்தான் பணம். ஒருமுறை கப்பலில் ஏற்றிய தேதி, எல்.சி. அனுமதித்த கடைசித் தேதிக்கு மறுநாளாக அமைந்துவிட்டது. ஒரு நாள்தானே என்று கொடுத்தோம். வங்கி மறுத்துவிட்டது. சரக்கோ நடுக்கடலில். அதற்குள் சந்தை விலை இறங்கியிருந்ததால், வாங்குபவர் அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு தள்ளுபடி கேட்டார். கொடுத்தோம், வேறு வழி? சரக்கு ஒழுங்காகத்தானே போகிறது, அதைப் பார்க்க மாட்டார்களா என்று வங்கிக்காரர்கள் மேல் எனக்குப் பொல்லாத கோபம். பார்க்க மாட்டார்கள். வங்கி கையாள்வது ஆவணங்களை, சரக்கை அல்ல என்கிறது எல்.சி.களுக்கான சர்வதேச விதித்தொகுப்பான யூ.சி.பி. 600-இன் 5-ஆம் பிரிவு.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் வங்கியிலேயே சேர்ந்து, பிறர் கட்டுகளில் குறை தேடும் வேலையில் உட்கார்ந்தேன். கொஞ்சம் அதிக உற்சாகமாகவே தேடினேன் என்று இப்போது படுகிறது. ஆவணங்களைப் பரிசீலிக்க ஐந்து வங்கி வேலை நாட்கள்தான் அவகாசம். மறுப்பதென்றால் எல்லாக் குறைகளையும் ஒரே அறிவிப்பில் சொல்லிவிட வேண்டும். நான் ஒன்றே ஒன்றை எழுதினேன்: பேக்கிங் லிஸ்ட்டில் பொருளின் விவரம் எல்.சி.யில் உள்ளபடி வரிக்கு வரி இல்லை. எதிர்த்தரப்பு வங்கி நிதானமாகப் பதில் அனுப்பியது. எல்.சி.யோடு அப்படியே பொருந்த வேண்டியது இன்வாய்ஸ் மட்டும்தான். மற்றவற்றில் முரண்படாத பொதுவான விவரம் போதும். அவர்கள் சொன்னது சரி. பதறிப்போய்க் கட்டை மறுபடியும் பிரித்தபோதுதான், காப்பீட்டின் தேதி கப்பலில் ஏற்றிய தேதிக்குப் பிந்தியது என்பது கண்ணில் பட்டது. அசல் குறை அதுதான். ஆனால் அவகாசம் முடிந்துவிட்டது. இரண்டாவது அறிவிப்பு செல்லாது. வங்கி பணம் கொடுத்தது. மேலாளர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

செலாவணிப் பிரிவில் நான் இருந்தது கொஞ்ச காலம்தான். அங்கே புதிதாக வருபவர்களுக்கு முதலில் சொல்லப்படுவது ஹெர்ஸ்டாட் வங்கியின் கதை. 1974 ஜூன் 26 அன்று, ஜெர்மனியில் வேலை நாள் முடிந்த நேரத்தில் அந்த வங்கியின் உரிமம் ரத்தானது. அதற்கு ஜெர்மன் நாணயமான மார்க்கைச் செலுத்திவிட்டு, பதிலுக்கு நியூயார்க்கில் டாலருக்குக் காத்திருந்தவர்களுக்கு டாலர் வரவில்லை. அந்தக் கதையைக் கேட்டபோது எனக்கு ஞாபகம் வந்தது நடுக்கடலில் போய்க்கொண்டிருந்த எங்கள் சரக்குதான்.

இப்போதைய வேலையிலும் பில் ஆஃப் லேடிங்தான் முன்னால் கிடக்கிறது. கப்பலின் பெயர் தடைப் பட்டியலில் இருக்கிறதா, போன பாதை நம்பும்படி இருக்கிறதா, விலை சந்தையை விட்டு எங்கேயோ நிற்கிறதா என்று பார்க்கிறோம். போன வாரம் ஓர் இளம் சகா சந்தேகத்துக்குரிய கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். என் கண் முதலில் போனது ஏற்றிய தேதிக்கு. "அது சரியாக இருக்கிறது, கப்பலைப் பாருங்கள்" என்றார் அவர்.