இலச்சினைக்கு முன்னால் மாற வேண்டியவை

ஒரு காவல் துறை தன் நற்பெயர் சரிந்துவருவதை உணரும்போது, பெரும்பாலும் முதலில் பேசப்படுவது புதிய இலச்சினை, வாகனங்களுக்குப் புதிய வண்ணம், நெஞ்சைத் தொடும் ஒரு வாசகம், சமூக ஊடகங்களைக் கவனிக்க ஒரு குழு ஆகியவைதான். மக்கள் தொடர்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் இவற்றை நான் வெற்று அலங்காரம் என்று ஒதுக்கிவிட மாட்டேன். இவை எப்போது பயன் தரும், எப்போது எதிர்விளைவை உண்டாக்கும் என்பதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். அச்சமின்றி வந்து சாட்சி சொல்ல ஆளில்லாத ஊரில் எத்தனை திறமையான புலனாய்வாளராலும் ஒரு வழக்கை முடிவுவரை கொண்டுபோக முடியாது. ஆகவே நம்பிக்கை என்பது காவல் பணியின் அடிப்படைத் தேவை.

தோற்றத்தின் வழியாக நம்பிக்கையை வளர்க்க முயல்வது நவீன காவல் துறை பிறந்தபோதே தொடங்கியது. 1829ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் லண்டனில் பெருநகரக் காவல் படையை அமைத்தபோது, அன்றைய பிரிட்டிஷ் ராணுவத்தின் சிவப்பு உடையிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்பதற்காகவே காவலர்களுக்கு நீலச் சீருடை தரப்பட்டது. தெருவில் நிற்பவர் உங்களை அடக்க வந்த படைவீரர் அல்லர் என்று அந்த உடை சொல்ல வேண்டியிருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் காவல் துறையின் ‘பாதுகாக்கவும் சேவை செய்யவும்’ என்ற புகழ்பெற்ற வாசகம் 1955இல் துறைக்குள்ளேயே நடந்த போட்டியில் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பின்னர் ரோந்து வாகனங்களின் கதவுகளிலும் இடம்பெற்றது. 1991 மார்ச்சில் அதே துறையினர் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைத் தடிகளால் அடித்த காட்சியைக் குடியிருப்பாளர் ஒருவர் வீடியோவில் பதிவு செய்தார். அதை உலகமே பார்த்த பிறகு கதவில் எழுதியிருந்த வாசகத்துக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? வாக்குறுதியைப் பெரிய எழுத்தில் எழுதும் துறை, அதை மீறும்போது பெரிய எழுத்திலேயே கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

சின்னத்தை மாற்றிப் பயன் கண்ட இடமும் உண்டு. வட அயர்லாந்தில், பிரிட்டனோடு நீடிக்க விரும்பிய, பெரும்பாலும் புராட்டஸ்டன்டுகளான தரப்புக்கும், அயர்லாந்தோடு இணைய விரும்பிய, பெரும்பாலும் கத்தோலிக்கர்களான தரப்புக்கும் இடையே பல பத்தாண்டுகள் நீடித்த மோதலுக்குப் பிறகு, கிறிஸ் பேட்டன் தலைமையிலான ஆணையம் 1999இல் காவல் சீர்திருத்தத்துக்கான 175 பரிந்துரைகளை முன்வைத்தது. அவற்றின்படி 2001 நவம்பரில் ராயல் அல்ஸ்டர் காவல் படை என்ற பழைய பெயர் விலக்கப்பட்டு, வட அயர்லாந்து காவல் சேவை என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. புதிய சின்னத்தில் பிரிட்டனைக் குறிக்கும் கிரீடமும், அயர்லாந்தைக் குறிக்கும் யாழும் மூவிலைத் தழையும் அருகருகே இடம்பெற்றன. நீதியின் தராசு, தீப்பந்தம், ஆலிவ் கிளை ஆகியவையும் சேர்க்கப்பட்டன. எந்தத் தரப்பும் தன் அடையாளம் அழிக்கப்பட்டதாக உணரக் கூடாது என்ற கவனம் அதில் தெரிந்தது. ஆனால் பெயரும் சின்னமும் தனியே வரவில்லை என்பதுதான் இதில் முக்கியம். காவலர்கள் மீதான புகார்களைத் துறைக்கு வெளியே இருந்து விசாரிக்கும் சுதந்திரமான குறைதீர்ப்பாளர் பதவி அதற்கு முன்பே செயல்படத் தொடங்கியிருந்தது. படையில் ஏறத்தாழ 8 சதவீதமே இருந்த கத்தோலிக்கர்களின் பங்கை உயர்த்த, புதிய ஆள்சேர்ப்பில் சரிபாதியை அவர்களுக்கு ஒதுக்கும் முறை 2011 வரை பின்பற்றப்பட்டது. அதன் முடிவில் அவர்களின் பங்கு 30 சதவீதத்தை நெருங்கியிருந்தது. அப்படியிருந்தும், அந்தக் காவல் அமைப்பை ஏற்பதாக ஐரிஷ் தேசியவாதிகளின் சின் பெயின் கட்சி முடிவெடுக்க 2007 ஜனவரி வரை ஆனது. மறுபுறம், மோதல் காலத்தில் பழைய படையைச் சேர்ந்த 300க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டிருந்ததால், அந்தப் பெயர் மறைவதை அவர்களுடைய குடும்பங்களில் பலர் தங்கள் தியாகத்துக்கு நேர்ந்த அவமதிப்பாகவே கருதினார்கள். பெயர் மாற்றம் என்பது விளம்பர நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு நகரக்கூடிய வேலையே அல்ல என்பதை இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் உணர்கிறேன்.

என் கணிப்பில், ஒரு துறையின் மீதான நம்பிக்கையைத் தீர்மானிப்பதில் இலச்சினையைவிடப் பல மடங்கு பெரிய பங்கு, அசம்பாவிதம் நடந்த சில மணி நேரத்தில் வெளியாகும் முதல் செய்திக்குறிப்புக்கு உண்டு. 2020 மே மாதத்தில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் இறந்தபோது அமெரிக்காவின் மினியாபொலிஸ் காவல் துறை வெளியிட்ட குறிப்பு, காவலர்களுடனான சந்திப்பின்போது ஏற்பட்ட மருத்துவச் சம்பவத்துக்குப் பிறகு ஒருவர் இறந்தார் என்று தலைப்பிட்டிருந்தது. அவர் கழுத்தின் மேல் ஒரு காவலரின் முழங்கால் ஒன்பது நிமிடங்களுக்கு மேல் அழுந்தியிருந்தது பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அங்கே நின்றிருந்த 17 வயதுப் பெண் எடுத்த வீடியோ வெளியானதும், அந்தக் குறிப்பு மட்டுமல்லாமல் அதற்கு முன்பு வெளியான குறிப்புகள் அனைத்துமே மக்கள் மனத்தில் சந்தேகத்துக்குள்ளாயின. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் முயற்சி எங்கே நடந்தாலும் விளைவு இதுதான். இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் 1989இல் நேர்ந்த நெரிசல் 97 உயிர்களைப் பலிகொண்டது. காவலர்கள் அளித்த வாக்குமூலங்களில் 164 கணிசமாகத் திருத்தப்பட்டிருந்தன என்றும், அவற்றுள் 116இல் காவல் துறைக்குப் பாதகமான கருத்துகள் நீக்கப்பட்டிருந்தன என்றும் இதை ஆராய்ந்த சுதந்திரமான ஆய்வுக் குழு 2012இல் வெளிப்படுத்தியது. உறவினரைப் பறிகொடுத்தவர்கள், இறந்தவர்கள் மீதே சுமத்தப்பட்ட பழியைத் துடைப்பதற்காக 20 ஆண்டுகளுக்கும் மேல் போராட வேண்டியிருந்தது. அதை எந்தப் புதிய சீருடையும் ஈடுசெய்யாது.

இதற்கு நேர்மாறான அணுகுமுறையை 2016 ஜூலை 22 அன்று ஜெர்மனியின் மியூனிக் நகரில் காண முடிந்தது. வணிக வளாகம் ஒன்றின் அருகே துப்பாக்கிச் சூடு நடந்து நகரமே பீதியில் உறைந்திருந்த அந்த மாலையில், காவல் துறை ஜெர்மன் மட்டுமல்லாமல் ஆங்கிலம், பிரெஞ்சு, துருக்கி மொழிகளிலும் தொடர்ந்து ட்விட்டரில் தகவல் தந்தது. காவலர்களின் நடமாட்டத்தைப் படமெடுத்துப் பகிர வேண்டாம் என்று காரணத்தோடு கேட்டுக்கொண்டது. செய்தித் தொடர்பாளர் மார்க்குஸ் டா குளோரியா மார்ட்டின்ஸ், செய்தியாளர்கள் விடாமல் துளைத்தெடுத்தபோதும் குரலை உயர்த்தாமல், உறுதியானதை மட்டும் சொன்னார். ஊகங்களுக்கு இடம்கொடுக்க மறுத்தார். ‘இது இப்போது எங்களுக்குத் தெரியாது’ என்று ஒரு அதிகாரி கேமரா முன் சொல்வதைப் பலவீனம் என்று பல துறைகள் இன்னும் நினைக்கின்றன. உண்மையில் அந்த ஒரு வாக்கியம்தான் அவர் அடுத்துச் சொல்லவிருக்கும் எல்லாவற்றுக்கும் மதிப்பைத் தருகிறது.

சமூக ஊடகம் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 2014 ஏப்ரலில் நியூயார்க் காவல் துறை, காவலர்களோடு எடுத்துக்கொண்ட படங்களை ஒரு ஹேஷ்டேக்கில் பகிருமாறு மக்களைக் கேட்டது. வந்து குவிந்தவற்றில் பெரும்பகுதி காவலர்கள் மக்களைத் தள்ளுவதும் அடிப்பதுமான படங்கள். மனக்குறை தேங்கியிருக்கும் இடத்தில் பாராட்டைக் கேட்பதற்கு முன்னால் குறையைக் கேட்க வேண்டும் என்பதற்கு இது போதிய சான்று.

தகவல் தொடர்பு என்றாலே ஊடகம் என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் பெரும்பாலான மக்கள் காவல் துறையைச் சாலையோரத்திலும் நிலையத்தின் மேசைக்கு எதிரிலும்தான் சந்திக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2009–10இல் ஓர் ஆய்வு நடந்தது. குடிபோதைச் சோதனைக்காக வாகனங்களை நிறுத்திய காவலர்களில் ஒரு பிரிவினர் வழக்கம்போல் அரை நிமிடத்துக்குள் முடித்து அனுப்பினார்கள். மற்றொரு பிரிவினர் எதற்காக இந்தச் சோதனை, ஏன் இந்த வாகனம் நிறுத்தப்பட்டது என்று விளக்கி, ஓட்டுநரிடம் கருத்துக் கேட்டு, நன்றி சொல்லி அனுப்பினார்கள். கூடுதலாகச் செலவானது ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம். அப்படி நடத்தப்பட்ட ஓட்டுநர்களிடம் காவல் துறை மீதான மதிப்பு கூடியிருந்தது. இதே முறை பின்னர் ஸ்காட்லாந்தில் சோதிக்கப்பட்டபோது எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. மக்களின் திருப்தி சற்றுக் குறையவும் செய்தது. அங்கிருந்த எட்டுக் காவல் படைகள் 2013இல் ஒன்றாக இணைக்கப்பட்டிருந்த நேரம் அது. தங்களிடம் எதையும் விளக்காமல் மேலிருந்து திணிக்கப்பட்ட வேலையாகவே காவலர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள் என்று ஆய்வாளர்கள் பின்னர் கண்டறிந்தார்கள். இந்தத் தோல்வியைத்தான் நான் மிகவும் பொருட்படுத்துகிறேன். மேலதிகாரியிடமிருந்து ஒரு விளக்கமும் கிடைக்காத காவலரிடம், பொதுமக்களுக்கு விளக்கம் கொடு என்று காகிதத்தில் எழுதித் தந்தால் அது வெறும் ஒப்புவித்தலாகவே முடியும்.

எனவே, நிதியும் நிபுணர் குழுவும் இல்லாத ஒரு நிலையத்துக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டால், புகார் மேசையிலிருந்து தொடங்கச் சொல்வேன். திருட்டுப் புகார் கொடுக்க வந்தவர் அமர ஒரு நாற்காலியும், எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டும் பொறுமையும் வேண்டும். அவர் கையில் கொடுக்கும் ரசீதில் விசாரிக்கப்போகிறவரின் பெயரும், தொடர்பு எண்ணும், அடுத்த தகவல் எந்தத் தேதிக்குள் வரும் என்பதும் இருக்க வேண்டும். முன்னேற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் அந்தத் தேதியில் நிலையத்திலிருந்தே அவரை அழைத்து, இதுவரை என்ன செய்தோம், எது கைகூடவில்லை என்று சொல்ல வேண்டும். அந்த அழைப்புகள் உரிய நாளில் போனதா என்று மாதந்தோறும் மேலதிகாரி பதிவேட்டைப் பார்க்க வேண்டும். விடுபட்டவர்களிடம் அவரே பேச வேண்டும்.