சோதனைக் கலப்பும் நாலு எண்களும்

ஜூலை 8, செவ்வாய், பள்ளத்தூர்

காரைக்குடியில் விலங்கியல் படிக்கிற அண்ணன் மகள் சாயங்காலம் நோட்டோடு வந்தாள். "ரெண்டு மரபணு பிணைஞ்சிருக்கான்னு பார்க்க ஒடுங்கு பூச்சியை ஏன் அத்தை தேடணும்? முதல் தலைமுறையையே தங்களுக்குள்ள கலந்தா போதாதா?"

அருமையான கேள்வி. பிணைந்திருப்பது என்றால் ஒரே குரோமோசோமில் அருகருகே இருந்து பெரும்பாலும் சேர்ந்தே பிள்ளைக்குப் போவது. ஒடுங்கு என்றால் ஓங்கு மரபணு கூட இருக்கும்போது வெளியே தெரியாமல் மறைந்துவிடுவது. முதல் தலைமுறையைத் தங்களுக்குள் கலக்கலாம்தான். ஆனால் ஓங்கு பண்பு வெளியே தெரிகிற பிள்ளைகளில் பலவற்றுக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாது. இரண்டு பண்பிலும் ஒடுங்கிய பெற்றோர் ஒடுங்கு மரபணுக்களை மட்டுமே கொடுக்கும், எதையும் மறைக்காது. அதனோடு கலப்பதுதான் சோதனைக் கலப்பு. பிள்ளைகளை எண்ணினாலே மறுபக்கத்துக் கலப்புயிரி எந்தெந்த வகை கேமீட்டை (முட்டை அல்லது விந்தணுவை) எந்த அளவில் உண்டாக்கியது என்று தெரிந்துவிடும். பிணைப்பு இல்லையென்றால் நாலு வகையும் ஏறக்குறைய சமமாக வரும்.

ஜூலை 10, வியாழன்

இன்று வளவில் உட்கார்ந்து மரபியலாளர் மார்கன் ஆய்வகத்துப் பழப்பூச்சிக் கணக்கைப் போட்டோம். ஒரு பெற்றோர் சாம்பல் உடல், இயல்பான இறக்கை. மற்றது கருப்பு உடல், குறுகிய இறக்கை. இவற்றின் மகளைக் கருப்பு உடல், குறுகிய இறக்கை உள்ள ஆணோடு கலந்தபோது வந்தவை:

சாம்பல், இயல்பு 965
கருப்பு, குறுகல் 944
சாம்பல், குறுகல் 206
கருப்பு, இயல்பு 185

மொத்தம் 2,300. உடனே "பிணைப்பு" என்று எழுதப் போனாள். பொறு என்றேன். முதலில் ஒவ்வொரு மரபணுவையும் தனியாகப் பார்க்க வேண்டும். குறுகிய இறக்கைப் பூச்சிகள் வளரும்போதே அதிகம் செத்திருந்தால், பிணைப்பே இல்லாமலும் விகிதம் கோணலாகும். கூட்டிப் பார்த்தாள்: இறக்கையில் 1,150க்கு 1,150, உடல் நிறத்தில் 1,171க்கு 1,129. தனித்தனியே இரண்டும் ஒழுங்கு. சேர்த்துப் பார்க்கும்போதுதான் சமம் குலைகிறது. பிணைப்பு என்று சொல்லும் உரிமை இப்போதுதான் நமக்கு வருகிறது. எத்தனையோ பேர் தாண்டிப் போகிற படி இது. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம்.

பெற்றோரைப் போல் இல்லாதவை 391, அதாவது 17 சதவீதம். குரோமோசோமில் மரபணுக்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடத்தில் 17 அலகு தூரம். இப்படி மறுகூட்டிணைவை, அதாவது பெற்றோரிடம் இல்லாத சேர்க்கை வருவதை, தூரமாக மாற்றி முதல் மரபணு வரைபடத்தை 1913இல் வெளியிட்டவர் மார்கனின் மாணவர் ஸ்டர்டெவன்ட்.

ஜூலை 13, ஞாயிறு

கை வர்க்கம் (chi-square), அதாவது எண்ணிக்கை எதிர்பார்ப்பிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அளக்கும் சோதனை. பெற்றோரைப் போன்றவை 30, 28, மற்றவை 20, 22 என்று நூறு பிள்ளைகள் வந்தால்? எதிர்பார்ப்பு வகைக்கு 25. மதிப்பு 2.72. தற்செயலாகத் தாண்டும் வாய்ப்பு 5 சதவீதமே உள்ள எல்லை 7.815, ஆகவே பிணைப்பு என்று சொல்ல முடியாது. அதே விகிதத்தில் ஆயிரம் பிள்ளைகள் என்றால் மதிப்பு 27.2, எல்லையைத் தாண்டிவிடுகிறது. "விகிதம் மாறவே இல்லையே அத்தை!" என்று ஆச்சரியப்பட்டாள். நெருக்கம் குறைந்த பிணைப்பைப் பிடிக்க நிறைய பிள்ளைகளை எண்ணத்தான் வேண்டும்.

இன்னொன்றும் சொன்னேன். நாலும் சமமாக வந்தால் மரபணுக்கள் வேறு வேறு குரோமோசோமில்தான் இருக்கின்றன என்று எழுதிவிடக் கூடாது. ஒரே குரோமோசோமில் வெகுதூரம் தள்ளி இருந்தாலும் மறுகூட்டிணைவு 50 சதவீதத்தை எட்டும். அப்போது இடையில் இருக்கும் வேறு மரபணுக்களோடு ஒவ்வொன்றையும் சோதித்தால்தான் உறவு தெரியும்.

கிளம்பும்போது ஒரு கேள்வி கொடுத்து அனுப்பினேன்: இதே கலப்பில் மகளுக்குப் பதில் மகனை வைத்தால் என்ன வரும்? ஆண் பழப்பூச்சியில் குறுக்கேற்றம் (ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) நடக்காது என்பது மட்டும்தான் துப்பு. வாசலைத் தாண்டுவதற்குள் சொல்லிவிட்டாள்: "ரெண்டே வகைதான் வரும். பிணைப்பு தெரியும், தூரம் தெரியாது."