எடை குறைந்தும் வயிறு குறையாத கதை

கர்ப்பத்துக்கு முன் 58 கிலோ, பிரசவத்துக்கு முந்தின வாரம் 73. என் உயரத்துக்கும் எடைக்கும் 11.5 முதல் 16 கிலோ வரை ஏறலாம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டதால் அதில் பயம் இல்லை. நாலாம் மாதத்திலிருந்து சாயங்காலம் மொட்டை மாடியில் அரை மணி நேர நடை, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில். மாமியார்தான் "ரெண்டு உயிரும்மா" என்று இன்னொரு தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார்.

சுகப்பிரசவம். அப்புறம் அம்மா வீட்டில் பூண்டுக் குழம்பு, சுறா புட்டு, காலையில் லேகியம், அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றில் ஒரு இறுக்கு. கட்டினால் வயிறு உள்ளே போய்விடுமாம். போகவில்லை. இருமினால், தும்மினால் சிறுநீர் கசிந்தது, வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்தாம் மாதம் 61 கிலோவுக்கு வந்துவிட்டேன், வயிறு மட்டும் அப்படியே. பஸ்ஸில் ஒரு காலேஜ் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தாள். பிள்ளை அம்மா கையில் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துகொண்டேன்.

அன்றிலிருந்து யூடியூப் பார்த்து தினம் ஐம்பது க்ரஞ்ச், அதாவது மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் தூக்குகிற வயிற்றுப் பயிற்சி. எழும்போதெல்லாம் தொப்புளுக்கு மேலே நடுவில் கூரை முகடு மாதிரி புடைக்கும். அதைப் பார்த்துப் பயந்துதான் பிசியோதெரபிஸ்டிடம் போனேன். மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேல் விரலைக் குறுக்கே வைத்தார். மூன்று விரல் உள்ளே போனது! கர்ப்பத்தில் முன்வயிற்றுத் தசைகள் இரண்டும் நடுவில் விலகுமாம், பலருக்குத் தானாகவே சேர்ந்துவிடும், சிலருக்குச் சேராது. டயஸ்டாசிஸ் என்றார். க்ரஞ்சை உடனே நிறுத்தச் சொன்னார். வேட்டிக்கட்டையும் கேட்டார், அவ்வளவு இறுக்கினால் அழுத்தம் கீழேதான் இறங்கும் என்றார்.

பயிற்சி என்று கொடுத்தது சிரிப்பு வருகிற அளவுக்குச் சின்னது. மூச்சை விடும்போது அடிவயிற்றை உள்ளே இழுத்து, சிறுநீரை அடக்குவது போல இறுக்கி, ஐந்து எண்ணி, முழுசாகத் தளர்த்த வேண்டும். பத்து தடவை, மூன்று வேளை. படுக்கையிலிருந்து ஒருக்களித்துத்தான் எழ வேண்டும், பிள்ளையைத் தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது.

மூன்று மாதத்தில் இடைவெளி ஒன்றரை விரல், கசிவு நின்றது. எடை? அதே 61.

அம்மாவிடம் கசிவைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். "உன்னைப் பெத்ததிலேர்ந்து எனக்கும் அப்படித்தான்டி" என்றாள். எனக்கு இப்போது 29 வயது.