நூல் கணக்கில் ஒரு புத்தக அலமாரி

ஏற்காட்டில் தெரிந்தவர் தோட்டத்தில் சாய்ந்த ஒரு சில்வர் ஓக் மரத்தை அறுத்தபோது, எனக்கு ஆறடிப் பலகை மூன்று கிடைத்தன. காபிச் செடிக்கு நிழலாகவும் மிளகுக் கொடி ஏறவும் அங்கே எங்கு பார்த்தாலும் நிற்கிற மரம்தான். அறுத்தால் உள்ளே சரிகை இழைத்தது போல் ரேகை ஓடும். சேலம் கன்னங்குறிச்சியில் உள்ள வீட்டுக்குக் கொண்டுவந்து, மாடிப்படிக்கு அடியில் இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, நான்கு மாதம் காயவிட்டேன். மலையில் இருந்த மரம் சேலத்து வெயிலுக்கு இறங்கினால் சுருங்கும். வந்த அன்று அகலம் 10 1/2 இன்ச். காய்ந்த பிறகு 10 3/8. ஒரு நூல் குறைந்திருந்தது. நீளத்தில் டேப்பில் தெரிகிற அளவுக்கு மாற்றமே இல்லை.

தச்சு வேலையில் நூல் என்பது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு. நாலு நூல் அரை இன்ச், ஆறு நூல் முக்கால் இன்ச். இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் பின்னக் கணக்கில் பாதி பயம் போய்விடுகிறது என்பது இந்த அலமாரியில் நான் கண்டது.

முதலில் உயரம். ஜன்னல் கல்லுக்குக் கீழே தரையிலிருந்து 36 3/4 இன்ச் இருக்கிறது. அதற்குள் அடங்க வேண்டும். கீழ்த் தட்டில் பெரிய ஃபைல்கள் நிற்க 12 3/8, நடுத் தட்டு 10 1/8, மேல் தட்டு 8 1/4. அடியில் கால்பட்டை 2 1/4. பலகை ஒரு இன்ச் கனம், இழைத்த பிறகு 7/8. அப்படிக் குறுக்கே நான்கு பலகை: உள்ளே மூன்று, மேலே ஒன்று.

ஆறாம் வகுப்பு படிக்கிற மகள்தான் கூட்டினாள். பள்ளியில் கலப்பு பின்னம் நடந்துகொண்டிருந்த நேரம். மூன்று தட்டுகளின் முழு எண்ணைக் கூட்டி 30 என்றாள். பின்னங்களில் மேல் எண்களை மேலேயும் கீழ் எண்களைக் கீழேயும் கூட்டி 5/20, அதாவது கால் என்று எழுதினாள். நான் தப்பு என்று சொல்லவில்லை. டேப்பை நீட்டி, “3/8 எங்கே இருக்கு, கால் எங்கே இருக்கு, காட்டு கண்ணு” என்றேன். விரலை வைத்தவள் நிமிர்ந்து, “அம்மா, 3/8 மட்டுமே காலை விடப் பெரிசா இருக்கே, கூட்டினா எப்படிக் குறையும்?” என்றாள். அப்புறம் நூலாக மாற்றச் சொன்னேன். மூணு நூல், ஒரு நூல், ரெண்டு நூல். மொத்தம் ஆறு நூல், முக்கால் இன்ச். மீ.சி.ம. என்ற பெயரைச் சொல்லாமலேயே வேலை முடிந்தது. பகுதி, அதாவது கீழ் எண், வேறு வேறாக இருந்தால் கூட்ட முடியாது என்பதன் பொருளே, எல்லாவற்றையும் ஒரே சின்ன அளவால் எண்ண வேண்டும் என்பதுதான்.

ஆக தட்டுகள் 30 3/4. பலகை நாலேழு 28 நூல், அதாவது மூன்றரை இன்ச். கால்பட்டை 2 1/4. மொத்தம் 36 1/2. ஜன்னல் கல்லுக்குக் கீழே கால் இன்ச் இடைவெளி.

வெட்டுவதற்கு முன் இதைத் தோராயமாகவும் சரிபார்த்தேன். ஒவ்வொன்றையும் பக்கத்தில் இருக்கிற அரைக்கோ முழுசுக்கோ தள்ளினேன்: 12 1/2, 10, 8 1/2, 2, பலகைக்கு 4. கூட்டினால் 37. அப்படியானால் அலமாரி ஜன்னல் கல்லில் முட்டுமே என்று கொஞ்சம் திகைத்துப்போனேன். பிறகு பார்த்தால், தட்டுகளிலும் கால்பட்டையிலும் கூட்டியதும் குறைத்ததும் ஒன்றுக்கொன்று சரியாகிவிட்டன. அந்த அரை இன்ச் முழுக்கப் பலகையில் இருந்தது. ஒவ்வொரு பலகைக்கும் ஒரு நூல் அதிகம் வைத்தேன், நான்கும் ஒரே திசையில் சேர்ந்துவிட்டன. ஒரே அளவு திரும்பத் திரும்ப வருகிற இடத்தில் ஒவ்வொன்றாகத் தோராயம் போடக் கூடாது. முதலில் பெருக்கி, பிறகுதான் தள்ள வேண்டும்.

வெட்டும்போது நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆறடி என்றால் 72 இன்ச். உள்ளே வரும் மூன்று குறுக்குப் பலகைக்கும் 24 வீதம் சரியாக இருக்கிறதே என்று ஒரே மூச்சில் கோடு போட்டு வெட்டினேன். முதல் இரண்டும் 24. மூன்றாவது 23 3/4. பக்கத்துத் தெருவில் தச்சு வேலை செய்கிற பெரியவர் வந்து பார்த்துவிட்டு, “பிளேடுக்கும் தீனி வேணும்மா. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நூல் தின்னும்” என்றார். என் மெஷின் பிளேடு அறுக்கிற வழி சுமார் 3 மி.மீ. ஒரு இன்ச் 25.4 மி.மீ. என்பதால் ஒரு நூல் 3.175 மி.மீ. கிட்டத்தட்ட அதேதான். இரண்டு வெட்டு, இரண்டு நூல், கால் இன்ச். கணக்கு அப்படியே பொருந்தியது. மூன்றையும் 23 5/8 ஆக்கி மூலைமட்டம் வைத்து முனை சரி செய்தேன்.

மேல் பலகை பக்கப் பலகைகளின் மேல் உட்காரும். அதனால் அதன் நீளம் 23 5/8, கூட இரண்டு பக்கக் கனம் 1 3/4, ஆக 25 3/8. பக்கப் பலகையின் உயரம் 36 1/2-இல் 7/8 போக மீதி. மகள் நோட்டில் ஒன்று கடன் வாங்கி 35 12/8 ஆக்கிக் கழித்தாள். பெரியவரோ, “ஒரு இன்ச் எடுத்துடு, ஒரு நூல் திருப்பிக் குடு” என்றார். முப்பத்தைந்தரை, அதன் மேல் ஒரு நூல்: 35 5/8. இரண்டு பேருக்கும் ஒரே விடை. எனக்குப் பெரியவர் வழிதான் பிடித்தது, ஆனால் ஏன் ஒரு நூலைத் திருப்பித் தருகிறோம் என்பது மகளின் வழியைப் பார்த்த பிறகுதான் நன்றாக விளங்கியது.

இரவு உட்கார்ந்து பழைய அளவுப் பெயர்களையும் அவளுக்குச் சொன்னேன். எட்டில் ஒன்று அரைக்கால். 3/8 காலே அரைக்கால், 7/8 முக்காலே அரைக்கால்: பெயரிலேயே கூட்டல் இருக்கிறது. பதினாறில் ஒன்று மாகாணி. மா என்பது 1/20, காணி என்பது 1/80. கூட்டினால் 4/80-உம் 1/80-உம் சேர்ந்து 5/80, அதாவது 1/16. அவள் இரண்டு முறை எழுதிப் பார்த்தாள். முந்திரி 1/320. அதில் எண்ணினால் காணி 4, மா 16, மாகாணி 20. நம் நூல் மாதிரியேதான், இன்னும் பொடியாக.

போன ஞாயிறு பசை தடவி, திருகி, நிமிர்த்தினோம். அளந்தால் 36 1/2-ஐ விட அரை நூல் அதிகம். கையால் இழைத்ததில் மேல் பலகையின் கனத்தில் மிச்சம் இருந்த கொஞ்சம் அங்கே சேர்ந்திருக்கிறது. அலமாரியை ஜன்னலுக்குக் கீழே தள்ளியபோது மகள் குனிந்து மேலே இருந்த இடுக்கைப் பார்த்தாள். “கால்ல மாகாணி போச்சு, மூணு மாகாணி இருக்கும்மா” என்றாள். பின்பக்க பிளைவுட்டும் வார்னிஷும் பாக்கி. பிளைவுட்டுக்கு அளவு எடுத்துவிட்டேன், பிளேடுக்குத் தீனியும் சேர்த்து.