அணிலுக்கு ஆயா வேலை

வனவிலங்கு மீட்பு மையத்தில் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறேன் என்று சொன்னதிலிருந்து நண்பர்கள் வட்டத்தில் என் மதிப்பு ஏறிவிட்டது. சிறுத்தையின் காலில் முள் எடுப்பவன் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. நானும் மறுக்கவில்லை. மையத்தில் என்னை நம்பி ஒப்படைத்திருப்பது ஒரு விளக்குமாறும், துண்டுகள் ஊறும் வாளியும்தான்.

துண்டு இல்லாமல் அங்கே ஓர் அணுவும் அசையாது. மிரண்ட பறவையின் தலையை மூடிவிட்டால் பெட்டிப்பாம்பாய் அடங்கிவிடும். ஆகவே பிடிக்கத் துண்டு, போர்த்தத் துண்டு, விரிக்கத் துண்டு. எல்லாத் துண்டுகளும் எச்ச அபிஷேகத்தோடு கடைசியில் என்னிடமே வந்து சேரும்.

பிறகு பதவி உயர்வு கிடைத்தது: கண் திறக்காத அணில் குட்டிகள். மாட்டுப் பால் வயிற்றைக் கெடுத்துவிடும் என்பதால் அவற்றுக்கென்று மாற்றுப் பால்பொடி உண்டு. ஊசியில்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகப் புகட்ட வேண்டும். அது வரைக்கும் அழகான காட்சிதான். ஆனால் அந்த வயதில் தாய் நக்கிவிட்டால்தான் குட்டிக்குச் சிறுநீர் வரும். தாய் இல்லாத இடத்தில் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சு. பஞ்சைப் பிடிக்க நான்.

"வந்ததா?" என்று எட்டிப் பார்ப்பார் டாக்டர் அம்மா.

"வந்தது, மேடம்."

"எழுதுங்கள்."

நேரம் போட்டு எழுதுவேன். இவ்வளவு படித்தது இதற்குத்தானா என்று கேட்கக்கூடாது. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அவரே பாராட்டியிருக்கிறார்.

பறவைக் குஞ்சுகளின் அறை வேறு உலகம். சின்னக் குஞ்சுகளுக்கு 20, 30 நிமிடத்துக்கு ஒரு பந்தி, விடிந்ததிலிருந்து இருட்டும் வரை. கடைசி வாயை அடைத்து நிமிர்ந்தால் முதல் வாய் மறுபடியும் பிளந்திருக்கும். பாவம் என்று தண்ணீர் சொட்டவும் கூடாது. மூச்சுக்குழலின் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும்.

கொஞ்சுவதற்கும் தடை. மனிதரைத் தாய் என்று நம்பிவிட்ட குஞ்சைக் காட்டில் விட முடியாது. எனவே பேச்சு மூச்சில்லாமல் ஊட்டிவிட்டு நகர வேண்டும். சிறகு அடிபட்டு வந்திருந்த கூகை என்னைக் கண்டாலே தலையைத் தாழ்த்தி, இடமும் வலமும் ஆடி, அலகைச் சொடுக்கிச் சீறும். அதற்கு எலி கொண்டுபோவதே நான்தான். "நன்றாகச் சீறுகிறது, தேறிவிட்டது" என்று டாக்டருக்கு முகமெல்லாம் பூரிப்பு. என்னை ஆறுதலாக ஒரு பார்வையாவது பார்த்திருக்கலாம்.

ஒரு நாள் மாலை, செருப்புப் பெட்டியோடு ஒரு பெரியவர் வந்தார். "அநாதைக் குஞ்சு, தரையில் கிடந்தது." திறந்தால் இறகெல்லாம் முளைத்த, வால் மட்டும் குட்டையான கரிச்சான் குஞ்சு. கூட்டை விட்டிறங்கிப் பறக்கப் பழகும் பருவம். பெற்றோர் பக்கத்திலேயே இருந்து ஊட்டிக்கொண்டிருக்கும்.

"மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காதாமே?"

"அதெல்லாம் சேர்க்கும், ஐயா. எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள்."

கரிச்சான் பருந்தையே விரட்டும் பறவை என்பதைச் சொல்வதற்குள் அவர் கிளம்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது.

"தாய் வந்துவிட்டது. தகப்பனும் வந்துவிட்டது. நான் காருக்குள் உட்கார்ந்திருக்கிறேன். எப்போது இறங்கலாம்?"

டாக்டர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நன்றாக இருட்டட்டும், ஐயா."